கோப நோட்டும் ‘ஒரு நிமிஷம்’ சாரும்

சண்டைக்கு நடுவில் எதிராளியிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, ஓரமாகப் போய்க் கோபப்பட்டுவிட்டுத் திரும்பி வந்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவரோடு ஒரே கூரையின்கீழ் வேலை பார்க்கிற கொடுப்பினை எனக்கு வாய்த்தது. சிங்காநல்லூரில் நாங்கள் வேலை பார்த்த பம்ப்செட் கம்பெனியில், அவருடைய அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு நின்றுவிட்டது. நான் அக்கவுண்ட்ஸ் என்பதால் அந்தப் பெயர் எனக்குத் தெரியும். வாட்ச்மேன் முதல் முதலாளி வரை மற்ற எல்லோருக்கும் அவர் ‘ஒரு நிமிஷம்’ சார்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், டைரி எழுதுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. காலையில் போனைத் திறந்தால் யாராவது ஒருவர் கண்ணை மூடி, மூச்சை இழுத்துவிட்டு, ‘மனசில் இருப்பதை எல்லாம் எழுதுங்கள், பாரம் குறையும்’ என்கிறார். எழுதினால் பாரம் குறையும் என்றால், பத்திரம் எழுதிப் பிழைப்பவர்கள் எல்லாம் இந்நேரம் காற்றில் பறந்துகொண்டிருக்க வேண்டும். ‘உணர்ச்சிகளுக்கு ஒரு வடிகால்’ என்று வேறு சொல்கிறார்கள். வடிகால் என்றதும் எனக்கு ஞாபகம் வருவது, ஒரு மழை பெய்தால் ரோட்டுக்கு மேலே பொங்கி வந்து நிற்குமே, அது.

‘ஒரு நிமிஷம்’ சாருக்கு அந்தப் பட்டம் வருவதற்கு முன்பு அவர் டைரி எழுதியதில்லை. கத்திக்கொண்டிருந்தார். கம்ப்ளெயிண்ட் செக்‌ஷனுக்குத் தலைவர். காயில் கம்பி கருகிய மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வரும் விவசாயிகளும், போனில் பிடித்துக்கொள்ளும் டீலர்களும் காலையிலிருந்து சாயங்காலம் வரை அவரைத்தான் திட்டுவார்கள். அவர் பதிலுக்குக் கத்துவார். அவர் கத்தினால், டெஸ்டிங் ஷெட்டில் ஓடுகிற மோட்டாரை நிறுத்திவிட்டு ‘யாரு கூப்பிட்டது?’ என்று எட்டிப் பார்ப்பார்கள்.

ஆனால் மரியாதைக்கு மட்டும் குறை வைத்தவர் இல்லை. “ஏனுங்க, உங்களுக்கு அறிவிருக்குதுங்களா? கெணத்துல தண்ணி இல்லாத மோட்டார ஓட்டிப்போட்டு இங்க வந்து நிக்கறீங்களே, வெக்கமா இல்லீங்களா?” என்பார். வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ இருக்கும். ஜன்னல் கண்ணாடி மட்டும் அதிரும். திட்டு வாங்கியவர் வெளியே போய், நம்மைத் திட்டினாரா, விசாரித்தாரா என்று கொஞ்ச நேரம் யோசிப்பார்.

இந்தக் கத்தலை அவர் வீட்டுக்கும் கொண்டுபோனதுதான் வினை.

அவருக்கு ஒரே மகள், நந்தினி. சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலை. அப்பாவுக்கு நேர்மாறு. அந்தப் பெண் பேசியதைக் கேட்டவர்கள் குறைவு. அவளைப் பெண் பார்க்க ஒரு நல்ல இடத்திலிருந்து வந்தார்கள். எல்லாம் கூடிவந்த நேரத்தில், மாப்பிள்ளையின் பெரியப்பா காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, “சர்க்கரை பத்தலீங்களே” என்றிருக்கிறார். அவ்வளவுதான்.

“சர்க்கரை போட்டுத்தானுங்க குடுத்தோம். அடியில கெடக்குது. கலக்கிக் குடிக்கத் தெரியாதுங்களா உங்களுக்கு? இத்தன வயசாச்சு, இன்னும் நாங்க கலக்கி ஊட்டி விடோணுங்களா?”

தெருக்கோடி வரை கேட்டதாம். மாப்பிள்ளை வீட்டார் மிக்சரைத் தொடாமல் எழுந்து போனார்கள். மறுநாள் மத்தியானம் சாப்பிடும்போது அவரே எங்களிடம் இதைச் சொன்னார். அதுவும் எப்படி? நியாயம் கேட்கிற தொனியில். “நீங்களே சொல்லுங் அம்மணி, கலக்காமக் குடிச்சா இனிக்குமுங்களா?”

நான், “இனிக்காதுங்க” என்றேன். வேறென்ன சொல்வது? அவருடைய வாய்க்குப் பக்கத்தில் என் காது இருந்தது.

நந்தினி அழவும் இல்லை, சண்டை போடவும் இல்லையாம். வேலையிலிருந்து வரும்போது தடி அட்டை போட்ட ஒரு நோட்டு வாங்கி வந்து அப்பா முன்னால் வைத்திருக்கிறாள்.

“அப்பா, இனிமே கோவம் வந்தா வாயில வேண்டாம். இதுல எழுதுங்க. எனக்குப் பாக்கற இடத்துல இன்னொரு தடவ நீங்க கத்துனீங்கன்னா, நான் கல்யாணமே பண்ணிக்க மாட்டேன்.”

அவள் அவ்வளவு நீளமாகப் பேசி அவர் அதுவரை கேட்டதில்லை. அந்த அதிர்ச்சியில் நோட்டைக் கையில் எடுத்தவர்தான். பிறகு கீழே வைக்கவில்லை.

நோட்டு அரங்கேறிய தினத்தில் நான் பக்கத்தில் இருந்தேன். பொள்ளாச்சிப் பக்கத்து விவசாயி ஒருவர் மோட்டாரை மேஜைமேலேயே இறக்கி வைத்துவிட்டு வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார். நம்மவர் முகம் சிவந்தது. வாய் திறந்தது. நாங்கள் காதைப் பொத்தத் தயாரானோம். அப்போது திடீரென்று கையை உயர்த்தினார்.

“ஒரு நிமிஷமுங்க.”

இழுப்பறையைத் திறந்தார். நோட்டை எடுத்தார். தலையைக் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, பேப்பர் கிழியும்படி அழுத்தி எழுதினார். ஒரு பக்கம் எழுதி முடித்து, நோட்டை மூடி, பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, கோயிலுக்குப் போய்வந்த முகத்தோடு நிமிர்ந்தார்.

“இப்பச் சொல்லுங்.”

விவசாயிக்குத் திட்டிய வேகமெல்லாம் இறங்கிவிட்டது. நோட்டையே பார்த்தார்.

“ஏனுங்க, என்னைப் பத்தியா எழுதுனீங்க?”

“ஆமாங்க.”

“நல்லாத்தானுங்களே எழுதியிருக்கீங்க?”

“இல்லீங்க.”

அன்றைக்கே அவருக்குப் பட்டம் சூட்டியாகிவிட்டது.

நோட்டு வந்த பிறகு அவர் நல்லவராகிவிட்டார் என்று யாராவது நினைத்தால், அவர்கள் அவரோடு டவுன் பஸ்ஸில் போனதில்லை என்று அர்த்தம். ஒருமுறை கண்டக்டர் சில்லறைக்கு ஏதோ சொல்லிவிட்டார். உடனே “ஒரு நிமிஷமுங்க.” நின்றபடியே கம்பியில் சாய்ந்து எழுத ஆரம்பித்தார். சிங்காநல்லூர் வந்தது, போனது. அவர் எழுதிக்கொண்டிருந்தார். ஒண்டிப்புதூரில் நிமிர்ந்து பார்த்து, இறங்கவேண்டிய இடத்தைச் சொல்லாமல் விட்டதற்காகக் கண்டக்டர்மேல் இன்னொரு கோபம் வந்து, அதையும் எழுதி முடிக்கும்போது பஸ் ஊரைத் தாண்டியிருந்தது. ஆபீசுக்கு ஆட்டோவில் வந்து சேர்ந்தார். ஆட்டோக்காரரைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதியிருந்தார்.

சிக்னலில் வண்டியை நிறுத்தி எழுதிய கதை இன்னொன்று. பின்னாலிருந்தவர் ஹாரன் அடித்ததால் வந்த கோபமாம். பச்சை விழுந்து, சிவப்பு விழுந்து, மறுபடி பச்சை விழுந்தபோது டிராபிக் போலீஸ்காரர் வந்துவிட்டார். “என்னுங்க பண்றீங்க நடு ரோட்டுல?” என்று அவர் கேட்க, நம்மவர் நிதானமாக, “பின்னாடி நிக்கறவரு மேல கோவமுங்க. முடியப்போகுதுங்க” என்றாராம். போலீஸ்காரர் அபராதப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாராம். சட்டத்தில் இதற்கு இடமில்லை.

இதோடு நின்றிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். பக்தர் பூசாரியாகிவிட்டார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு எல்லோருக்கும் பொரியும் கடலையும் கொடுத்த கையோடு, தன் செலவில் ஆளுக்கொரு நோட்டும் கொடுத்தார். மோட்டார்களுக்குப் பொட்டு வைத்து முடிந்ததும் ஒரு பிரசங்கம்.

“மோட்டாருக்குள்ள காத்து அடைச்சுக்கிச்சுன்னா என்னுங்க ஆகும்? ஓடும், சத்தம் போடும், தண்ணி மட்டும் வராதுங்க. மனசும் அப்படித்தானுங்க. தெனமும் ஒரு பக்கம் எழுதிப்போடுங்க. காத்துப் போயிரும். அப்பறம் பாருங்க, எப்படி எறைக்குதுன்னு.”

மனசை மோட்டாரோடு ஒப்பிட்ட இந்த ஞானி, தன் வாழ்நாளில் ஒரு மோட்டாரையும் தொட்டுச் சரிசெய்தவர் இல்லை. அதற்கெல்லாம் ஷெட்டில் ஆட்கள் இருந்தார்கள். இவர் வேலை திட்டு வாங்குவது மட்டும்.

அவர் கொடுத்த நோட்டுகள் என்ன ஆயின என்றால், ஸ்டோர்கீப்பர் பழனிச்சாமி அதில் சீட்டாட்டக் கணக்கு எழுதினார். கேன்டீன்காரம்மா அதன்மேல் எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்தார். என் மேஜைக்கு ஒரு கால் குட்டை. ரொம்ப நாளாக ஆடிக்கொண்டிருந்தது. அந்த நோட்டால் என் வாழ்க்கையிலும் ஒரு ஆட்டம் நின்றது என்று நான் நன்றியோடு ஒப்புக்கொள்கிறேன்.

அவர் மட்டும் எழுதித் தள்ளினார். ஒரு நோட்டு முடிந்தால் அடுத்த நோட்டு. முடிந்தவற்றை வீட்டுப் பரணில் அடுக்கினார். திரும்பப் படிப்பாரா என்று ஒருநாள் கேட்டேன். “சேச்சே, துப்புனத யாராச்சும் திரும்பிப் பாப்பாங்களா அம்மணி?” என்றார். ஒரு மனிதன் வாழ்க்கையில் இவ்வளவு எழுதிவிட்டு அதைப் பற்றி இவ்வளவு உண்மையாகப் பேசி நான் கேட்டதில்லை.

இப்படியிருக்கும்போது நந்தினிக்கு இன்னொரு இடம் வந்தது. போத்தனூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் குடும்பம். பையன் நல்ல பையன். நந்தினிக்கும் பிடித்திருந்தது. இந்த முறை நம்மவருக்கு உதறல் எடுத்துவிட்டது. பெண் பார்க்க வருகிற அன்றைக்கு என்னையும் வரச் சொன்னார்.

“நீங்க எம்பட பக்கத்துலயே உக்காந்துக்குங்க அம்மணி. எனக்கு மொகம் செவந்துச்சுன்னா காலை மிதிங்க. நான் எந்திரிச்சு உள்ள போயி எழுதிப்போட்டு வந்தர்றேன்.”

சொந்தக்காரர்களை விட்டுவிட்டு என்னை ஏன் அழைத்தார் என்று கேட்டதற்கு, “அவங்க எல்லாம் பாவம் பாப்பாங்க. நீங்க நல்லா மிதிப்பீங்க” என்றார். என்னைப் பற்றி அவருக்கு ஒரு கணிப்பு இருந்திருக்கிறது.

பையனின் அப்பா, போத்தனூர்க்காரர், ஓர் அதிசயப் பிறவி. வாசலில் செருப்பைக் கழற்றும்போது பேச ஆரம்பித்தவர். எல்லாவற்றிலும் கருத்து வைத்திருந்தார். வீட்டுத் தூணை விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, “சிமிட்டி கம்மிங்க” என்றார். குளியலறை தெற்கே இருப்பது குடும்பத்துக்கு ஆகாது என்றார். மிக்சர் தட்டைத் தன் பக்கமாக நகர்த்திக்கொண்டு, தோட்டத்துக் கிணற்றில் எங்கள் கம்பெனி மோட்டாரைப் போட்டுத் தான் பட்ட பாட்டை ஆதியோடந்தமாகச் சொன்னார். நான் மிதித்து மிதித்து என் குதிகால் வலித்தது.

ஒவ்வொரு மிதிக்கும் நம்மவர் எழுந்தார். “ஒரு நிமிஷமுங்க.” உள்ளே போனார், வந்தார். மறுபடி, “ஒரு நிமிஷமுங்க.” உள்ளே போனார், வந்தார். போத்தனூர்க்காரர் இதைக் கவனித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் நம்மவர் உள்ளே இருந்த சமயம், நந்தினியின் அம்மாவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“ஐயாவுக்குச் சர்க்கரை வியாதி எச்சுங்களா?”

அந்த அம்மா ஒரு கணம் என்னைப் பார்த்தார். நான் தூணைப் பார்த்தேன்.

“ஆமாங்க. கொஞ்சம் இருக்குதுங்க” என்றார் அந்த அம்மா.

“அதானுங்க பாத்தேன். பாவம். காபிலகூட சர்க்கரை வேண்டாமுங்க அவருக்கு.”

அன்று முதல் போத்தனூர் வீட்டில் நம்மவருக்குக் கசந்த காபிதான். அதைப் பற்றியும் எழுதினார். ஆனால் கத்தவில்லை. நிச்சயதார்த்தம் நல்லபடியாக முடிந்தது. இரண்டு குடும்பத்தையும் ஒரு பொய் வியாதி சேர்த்து வைத்தது.

கல்யாணம் நெருங்கியது. வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். பரணை ஒழித்தபோது, வீட்டம்மா பழைய செய்தித்தாளோடு சேர்த்து அந்த நோட்டுகளையும் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டார். அந்த அம்மாவைக் குறை சொல்ல முடியாது. வீட்டில் ஒறம்பரை, சொந்தபந்தம் என்று வந்து குவிகிற நேரத்தில், புருஷனின் கோபத்துக்கு எங்கே இடம்?

பழைய பேப்பர்காரரிடமிருந்து அந்த நோட்டுகளை வாங்கியவர் எங்கள் கம்பெனி வாசலில் டீக்கடை வைத்திருந்த மாஸ்டர். யாரோ அவரிடம், அச்சு மை உடம்புக்கு ஆகாது, செய்தித்தாளில் பலகாரம் மடித்துக் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அதனால் அவர் ஆரோக்கியத்தை முன்னிட்டுக் கையால் எழுதிய நோட்டுத் தாள்களுக்கு மாறியிருந்தார்.

முதலில் மாட்டியவர் ஸ்டோர்கீப்பர் பழனிச்சாமி. போண்டாவைத் தின்றுவிட்டுக் கையைத் துடைக்கப் போனவர், தாளில் தன் பெயரைப் பார்த்துவிட்டார். ஆபீசுக்குள் ஓடிவந்து உரக்கப் படித்தார். “பழனிச்சாமி ஒரு நட்டு கேட்டா நாலு நாளு தேடறாருங்க. ஸ்டோருக்குள்ள அவரையே ஒரு நாளைக்குத் தேடோணுமுங்க. அவரு நாசமாப் போகட்டுமுங்க.”

யாருக்கும் தெரியாமல், தனக்கு மட்டும் எழுதிக்கொண்ட நோட்டில்கூட அந்த மனிதர் ‘ங்க’ போட்டுத்தான் திட்டியிருக்கிறார்! இதற்கா இத்தனை நோட்டு, இத்தனை மை, இத்தனை மிதி? வாய்விட்டுத் திட்டியபோது சத்தமாவது இருந்தது.

அன்று சாயங்காலம் டீக்கடையில் அப்படி ஒரு கூட்டம். பசித்தவன் ஒருவனும் இல்லை. எல்லோரும் தாளில் தங்கள் பெயரைத் தேடிப் பலகாரம் வாங்கினார்கள். “மாஸ்டர், எனக்கு அடியில இருக்கற தாளு குடுங்க” என்று கேட்டு வாங்கினார்கள். மாஸ்டர் தன் மாவுப் பக்குவம்தான் காரணம் என்று நினைத்து இன்னொரு சட்டி ஏற்றினார். எனக்கு மசால் வடையோடு வந்தது இது: “அக்கவுண்ட்ஸ் அம்மணி சிரிக்கறப்ப பல்லு மட்டுந்தானுங்க சிரிக்குது.”

வடை ஆறிப் போயிருந்தது. அதைப் பற்றி இதற்கு மேல் நான் எதுவும் சொல்ல விரும்பவில்லை.

விஷயம் நம்மவர் காதுக்குப் போனபோது முகத்தில் ரத்தமே இல்லை. எங்களைப் பற்றியதெல்லாம் அவருக்குப் பெரிதாகப் படவில்லை.

“அம்மணி, போத்தனூர்க்காரரப் பத்தி எழுதுனதும் அதுலதானுங்க இருக்குது” என்றார். “அவரு பட்டறை ஜாப் ஒர்க் விசயமா வாரவாரம் நம்ம கம்பெனிக்கு வாராருங்க. அந்தக் கடையிலதானுங்க டீ குடிப்பாரு.”

சொல்லிக்கொண்டே வெசயாக, ஒரே ஓட்டமாக ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். ஆறுதல் சொல்லப் போனேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். வேடிக்கை பார்க்கத்தான் போனேன்.

மாஸ்டரிடம் மிச்ச நோட்டுகளையெல்லாம் தரச்சொல்லிக் கெஞ்சினார். மாஸ்டர் அசையவில்லை. “கரைச்ச மாவு இருக்குதுங்க சார். தாளக் குடுத்துட்டா பலகாரத்தக் கையிலயா குடுக்கறது?” என்றார். அப்போது கடைக்கு உள்பக்கத்து பெஞ்சிலிருந்து ஒரு குரல் கேட்டது.

“இது நீங்க எழுதுனதுங்களா?”

போத்தனூர்க்காரர். ஒரு கையில் வாழைக்காய் பஜ்ஜி. மறு கையில் எண்ணெய் ஊறிய தாள்.

போத்தனூர்க்காரர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உரக்கப் படித்தார்.

“போத்தனூர்க்காரரு நம்ம ஊட்டுத் தூணைத் தட்டிப் பாக்கறாருங்க. அவரு தலையத் தட்டுனா என்ன சத்தம் வருமுன்னு தெரியலீங்க. மிச்சர் தட்டைப் பூராவும் அவரு பக்கமா இழுத்து வெச்சுக்கிட்டாருங்க. இந்த மனுசன் மூச்சு வாங்கறதே பேச்சுக்கு எடஞ்சல்னு நெனைக்கறாருங்க. இந்த ஊட்டுல எங்க நந்தினி எப்படிங்க இருப்பா?”

கடைசி வரியைப் படிக்கும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. தாளை மடியில் வைத்தார்.

நம்மவர் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. “ஒரு நிமிஷமுங்க” என்றார்.

“வேண்டாமுங்க” என்றார் போத்தனூர்க்காரர். “பேனாவ உள்ள வைங்க. வாயிலயே சொல்லுங்.”

எனக்குத் தெரியும், இனி ஒரு கத்தல்தான் பாக்கி. கத்தினால் கல்யாணம் போச்சு. நந்தினி சொன்னால் சொன்னதுதான். ஓடிப்போய் அவர் காலை மிதித்தேன். அவர் உணரவே இல்லை. அந்த மனிதர் வாயைத் திறந்தபோது, அத்தனை வருஷத்தில் நான் கேட்டிராத ஒரு சின்னக் குரல் வந்தது.

“எங்க புள்ள பேசவே மாட்டாளுங்க. கொணமே அதுதான்னு ஊர்ல சொல்லுவாங்க. கொணம் இல்லீங்க. நான் கத்திக் கத்தி, அவ பேசறதுக்கு ஊட்டுல எடமே இல்லாமப் போச்சுங்க. நோட்டு வாங்கியாந்து குடுத்தப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது, இவளுக்கு இத்தன பேச வருமான்னு. நீங்க பேசறதப் பாத்ததும் எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப் போச்சுங்க. அங்கயும் அவ பொட்டாட்ட, வாயத் தொறக்காம உக்காந்துக்கிட்டு, கேட்டுக்கிட்டே இருக்கோணுமாட்டம் இருக்குதேன்னு…”

தோள்துண்டு இல்லாததால் சட்டைக் கையில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மாஸ்டர் ஒரு போண்டாத் தாளை நீட்டினார். அதுவும் அவர் எழுதியதுதான்.

போத்தனூர்க்காரர் பஜ்ஜியைக் கடித்தார். மென்றார். அவர் பேசாமலிருந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

“எம்பட சம்சாரமும் கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து இதையேதானுங்க சொல்றா” என்றார் கடைசியில். “ஆனா ஒரு நாளாச்சும் இத்தன மரியாதையாச் சொன்னதில்லீங்க.”

தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “இத அவகிட்டக் காட்டோணுமுங்க. ஒருத்தரத் திட்டறதுன்னா எப்படித் திட்டோணும்னு தெரிஞ்சுக்கட்டும்.”

பிறகு சந்தேகத்தோடு நம்மவரைப் பார்த்தார்.

“அப்ப அன்னைக்கு உள்ள போயிப் போயி வந்தது எழுதறதுக்குத்தானுங்களா? சர்க்கரை இல்லீங்களா?”

“இல்லீங்க.”

“மாஸ்டர்! எங்க சம்பந்திக்கு சர்க்கரை தூக்கலாப் போட்டு ஒரு டீ குடுங்க.”

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. போத்தனூர்க்காரர் திருந்திவிட்டார் என்று சொன்னால் பொய். மண்டபத்தில் சமையல்காரருக்கு ரசம் வைக்கக் கற்றுக்கொடுத்தார். ஆனால் இப்போதெல்லாம் வீட்டில் பேசிக்கொண்டே வருகிறவர், திடீரென்று நிறுத்தி, “நீ சொல்லு கண்ணு” என்று நந்தினி பக்கம் திரும்புவாராம். அவளும் சொல்லுவாளாம். சில நாள் அவள் சொல்லி முடிக்க வெகுநேரம் ஆகிறதாம். நம்மவர் இதை எங்களிடம் சொல்லும்போது மேஜைமேல் இருந்த நோட்டைத் தடவிக்கொண்டே சொன்னார். எதற்கெடுத்தாலும் நோட்டைத் தடவுவது எனக்கு எரிச்சலாக இருந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு சீக்கிரமே அவர் ரிட்டயர் ஆனார். ஆபீசில் சத்தமில்லை, தொல்லையில்லை என்று நான் நிம்மதியாக இருந்த சமயத்தில், அவர் வண்டியிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார் என்று செய்தி வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன்.

“அம்மணி, மாவுக்கட்டு போட்டு உட்டுட்டாங்க. எழுத முடியலீங்க. நெஞ்சுக்குள்ள காத்து அடைக்குதுங்க. நான் சொல்லச் சொல்ல நீங்க எழுதிக்கறீங்களா?”

“அதுக்கென்னுங்க, சொல்லுங்க” என்றேன். போனை ஸ்பீக்கரில் போட்டு அடுப்பு மேடையில் சாய்த்து வைத்துவிட்டு, பீன்ஸ் நறுக்க ஆரம்பித்தேன். நோட்டாவது, எழுதுவதாவது! பக்கத்து வீட்டுக்காரரின் மாமரம், கரண்ட் ஆபீஸ்காரர், மாவுக்கட்டு போட்ட டாக்டர் என்று வரிசையாக எல்லோரையும் ‘ங்க’ போட்டுத் திட்டி முடித்தார்.

“எழுதிட்டீங்களா?”

“எழுதிட்டேனுங்க.”

“கடைசி வரியப் படிங்க பாக்கலாம்.”

விவரமான மனிதர். அதற்காகவே ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. அப்படியே வாராவாரம் ஒரு வழக்கமாகிவிட்டது.

மாவுக்கட்டைப் பிரித்து வெகுநாள் ஆகிவிட்டது. போன மாதம் நந்தினியின் குழந்தைக்குக் காது குத்தினார்கள். நானும் போயிருந்தேன். பந்தலுக்கு அந்தப் பக்கம் நம்மவர் பேத்தியை அதே வலது கையில் உட்கார வைத்து, உயரத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் குழந்தையைச் சட்டென்று இடது கைக்கு மாற்றி, வலது கையை வேட்டி மடிப்புக்குள் மறைத்துக்கொண்டார். நான் சமையல் பக்கம் ஏதோ அவசரமாகப் பார்க்கப் போகிறவள் போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை வழக்கமான நேரத்துக்குப் போன் அடித்தது.

“கை இன்னும் சரியாகலீங்க அம்மணி” என்று ஆரம்பித்தார்.

“அவசரமில்லீங்க, மெதுவா ஆகட்டும்” என்று சொல்லிவிட்டு, கத்தியைக் கீழே வைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.